காப்புநகலா, ரீசெட்டா? – கணினிக் கேள்வி பதில்

இம்முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, படுத்துவிட்ட வீட்டுக் கணினியை எழுப்புவது எப்படி என்பதைப் பற்றியே இருப்பதால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பேக்கப் என்று எல்லோரும் சொல்வதைக் காப்புநகல் என்று எழுதியிருக்கிறேன். ஆனால் திரையில் தோன்றும் கட்டளைகளின் பெயர்களை மொழிபெயர்க்கவில்லை; பதற்றத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர், அங்கே இருக்கும் பெயரைத்தான் தேடுவார்.

கேள்வி: விண்டோஸ் 11 உள்ள என் மடிக்கணினி, ஓர் அப்டேட்டுக்குப் பிறகு முகப்புத் திரைக்கே வர மறுக்கிறது. சின்னம் தோன்றுகிறது, வட்டம் சுற்றுகிறது, அணைகிறது, மறுபடி சின்னம் தோன்றுகிறது. எட்டு மாதங்களுக்கு முன் எடுத்த காப்புநகல் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. ரீசெட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் மைத்துனர். காப்புநகலிலிருந்து மீட்பதே முறை என்பது என் எண்ணம். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே பந்தியில் இரண்டாவது பரிமாற வேண்டியதை முதலில் பரிமாறப் பார்க்கிறீர்கள். ரீசெட் என்பது விண்டோஸைச் சீராக்கும் வழி. காப்புநகல் என்பது நீங்கள் உண்டாக்கிய கோப்புகளைத் திரும்பப் பெறும் வழி. உங்கள் கணினியில் கெட்டிருப்பது விண்டோஸ் மட்டுமே என்றுதான் அறிகுறிகள் சொல்கின்றன. படங்களும் கணக்குகளும் டிஸ்க்கில் இருந்த இடத்திலேயே இருக்க வாய்ப்பு அதிகம். (அதிகம் என்றுதான் சொல்ல முடியும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டதால், மைக்ரோசாஃப்ட் அதன் விநியோகத்தை நிறுத்திவைக்க நேர்ந்தது.) அப்படியானால் உங்களிடம் இருக்கும் மிகப் புதிய நகல், பழுதான அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கிறது, அலமாரியில் இருக்கும் நகல் எட்டு மாதம் பழையது. எதைச் செய்வதற்கு முன்பும் அந்த எட்டு மாதத்தை வெளியே எடுத்துவிடுங்கள்.

அதற்கு டிஸ்க்கைக் கழற்ற வேண்டும் என்பதில்லை. தொடக்கம் சில முறை தொடர்ந்து தோல்வியடைந்தால் விண்டோஸ் தானாகவே ரெக்கவரி திரைக்கு வந்துவிடும். வராவிட்டால், சின்னம் தோன்றியதும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் வரும். அங்கே ட்ரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று போனால் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். வெற்றுத் தாள்போல நோட்பேட் திறந்ததும் ஃபைல் பட்டியலில் ஓபன் என்பதைச் சொடுக்கி, கீழே கோப்பு வகையை ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினால், அந்தச் சிறிய சாளரமே உங்களுக்குக் கோப்புகளைக் காட்டும் கண்ணாடியாகிவிடும். யூசர்ஸ் கோப்புறைக்குள் உங்கள் பெயரைக் கண்டுபிடித்து, வேண்டியதை வலச்சொடுக்கில் காப்பி செய்து, செருகியிருக்கும் வெளி டிஸ்க்கில் பேஸ்ட் செய்யலாம். இரண்டு எச்சரிக்கைகள்: வழக்கமான சி டிரைவ் இங்கே டி என்றோ ஈ என்றோ பெயர் மாறித் தெரியக்கூடும், நகல் ஓடும்போது எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை எதுவும் வராது, சாளரம் உறைந்து நின்றதுபோல இருக்கும். பொறுமையிழந்து மூடிவிடாதீர்கள். கோப்புறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் இந்தச் சங்கடம் குறையும்.

வழியில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கப்பட்டால் திகைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தப்படும் பல விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள் கொண்ட அந்தச் சாவி, அதே கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ கணக்கைத் திறந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கோப்புகள் பத்திரமான பிறகு, குறைவாகக் கைவைக்கும் வைத்தியத்திலிருந்து தொடங்குங்கள். அப்டேட்டால் வந்த கோளாறு என்பதால், அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் உள்ள அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்தான் முதல் மருந்து. கடைசியாக வந்த குவாலிட்டி அப்டேட்டை நீக்கிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் ஸ்டார்ட்டப் ரிப்பேர், அதன் பிறகு சிஸ்டம் ரீஸ்டோர். இவை எல்லாம் கைவிரித்த பிறகு உங்கள் மைத்துனர் சொன்ன ரீசெட்டுக்கு வாருங்கள். அது முடிந்ததும், இன்று எடுத்த நகலையும் எட்டு மாத நகலையும் வைத்துக்கொண்டு, விடுபட்டதை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம்.

கேள்வி: ரீஸ்டோர், ரீசெட், ரெக்கவரி மூன்றும் ஒன்றுதானே? தமிழில் எல்லாவற்றையும் மீட்பு, மீட்டமைப்பு என்றே எழுதுகிறார்கள்.

பதில்: இந்தக் குழப்பத்தில் எழுதுகிறவர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. சிஸ்டம் ரீஸ்டோர் மூத்தது. 2000இல் விண்டோஸ் எம்இயுடன் வந்தது. குறித்துவைத்த ஒரு நாளின் நிலைக்கு விண்டோஸின் அமைப்புக் கோப்புகளையும், அதன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியையும், உறுப்புகளை இயக்கும் டிரைவர்களையும் திருப்பிக் கொண்டுபோகும். அந்நாளுக்குப் பிறகு நிறுவிய நிரல்கள் போய்விடும். உங்கள் கடிதங்களையும் படங்களையும் அது தொடுவதில்லை. அதனாலேயே, போன வாரம் தவறுதலாக அழித்த ஒரு படம் ரீஸ்டோரால் திரும்பி வராது. இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த மாதம் ஒரு கடிதம் வந்துவிடுகிறது. மேலும் அந்த ரீஸ்டோர் பாயின்ட்டுகள் அதே டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டிஸ்க் போனால் அவையும் போகும். பல கணினிகளில் இந்த வசதி அணைந்தே இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் பட்டியலில் கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட் என்று தேடித் திறந்தால், சி டிரைவுக்கு எதிரே ஆன் என்று இருக்கிறதா, ஆஃப் என்று இருக்கிறதா என்பது தெரியும்.

ரீசெட் 2012இல் விண்டோஸ் 8உடன் வந்தது. அது பழைய நாளுக்குப் போவதில்லை. விண்டோஸையே புதிதாக நிறுவிவிடுகிறது. ரெக்கவரி என்பது இவை எல்லாவற்றையும் உள்ளடக்கிய பொதுப்பெயர். அந்தச் சொல்லை மட்டும் வைத்து யாராவது உங்களுக்கு ஆலோசனை சொன்னால், எந்தப் பொத்தானை அழுத்தச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: கீப் மை ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்துதான் ரீசெட் செய்தேன். படங்களும் ஆவணங்களும் இருக்கின்றன. ஆனால் மூன்று ஆண்டுக் குடும்பக் கணக்கு, உலாவியில் குறித்துவைத்த பக்கங்கள் எல்லாம் காணோம். ஏமாற்றப்பட்டேனா?

பதில்: ஏமாற்று இல்லை, ஆனால் அந்தப் பொத்தானின் பெயர் வாக்குறுதி கொடுப்பதுபோல அமைந்துவிட்டது என்ற உங்கள் மனக்குறை நியாயமானதே. என் ஃபைல்கள் என்று நீங்கள் நினைப்பதற்கும் விண்டோஸ் நினைப்பதற்கும் இடையே இடைவெளி இருக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற கோப்புறைகளில் இருப்பவை அதன் கணக்கில் உங்களுடையவை. ப்ரோக்ராம் ஃபைல்ஸ், ப்ரோக்ராம் டேட்டா ஆகியவற்றில் இருப்பவையும், உங்கள் பெயருள்ள கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஆப் டேட்டா என்ற பகுதியில் இருப்பவற்றில் பெரும்பாலானவையும் நிரல்களுக்கு உரியவை. நிரல்கள் நீக்கப்படும்போது அவையும் நீக்கப்படும். உங்கள் கணக்கு நிரல் தன் தரவை, தான் நிறுவப்பட்ட கோப்புறையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும். பழைய நிரல்கள் பலவற்றின் வழக்கம் அது. உலாவியின் குறிப்புகள் ஆப் டேட்டாவில் இருந்தவை. உலாவியில் ஏதேனும் கணக்கில் நுழைந்து ஒத்திசைவை இயக்கியிருந்தீர்கள் என்றால், மறுபடி நுழைந்தவுடன் அவை இறங்கிவந்துவிடும். குடும்பக் கணக்கைப் பொறுத்தவரை, அந்த நிரல் எப்போதாவது தானாக எடுத்துவைத்த நகல் டாக்குமென்ட்ஸில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால்தான் என்னிடம் நல்ல செய்தி.

இதே பொத்தானிடம் நானும் ஒருமுறை பாடம் படித்திருக்கிறேன். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதங்கள் என்னிடம் ஏராளம். ரீசெட்டுக்குப் பிறகு அவற்றில் ஒன்றைத் திறந்தேன். கோப்பு இருந்தது, தமிழைக் காணோம். 'அம்மா' என்று தொடங்கியிருந்த இடத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளும் அவற்றின் நடுவே ஓர் அரைப்புள்ளியும் நின்றன. கோப்பு கெட்டுவிட்டது என்று அரை நாள் தவித்த பிறகுதான், நான் தனியாக நிறுவியிருந்த எழுத்துருக்கள் அத்தனையும் ரீசெட்டோடு போயிருப்பது உறைத்தது. எழுத்துருவை மறுபடி நிறுவியதும் எல்லாம் தமிழாயின. ஆகவே பழைய எழுத்துருக்களில் எழுதிய கோப்புகள் வைத்திருப்பவர்கள், அந்த எழுத்துருக் கோப்புகளையும் காப்புநகலோடு சேர்த்து வையுங்கள். இன்று தேடினால் கிடைக்கிற எழுத்துரு, தேவைப்படுகிற அன்றும் கிடைக்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

நீக்கப்பட்ட நிரல்களின் பட்டியல் ஒன்றை ரீசெட் உங்கள் டெஸ்க்டாப்பிலேயே விட்டுச்சென்றிருக்கும். அதை அழித்துவிடாதீர்கள், எவற்றை மறுபடி நிறுவ வேண்டும் என்பதற்கு அதுவே நினைவுக்குறிப்பு.

கேள்வி: ரீசெட்டின்போது கிளவுட் டவுன்லோட், லோக்கல் ரீஇன்ஸ்டால் என்று இரண்டு கேட்கிறது. கிளவுட்டைத் தேர்ந்தால் என் கோப்புகள் இணையத்திலிருந்து வந்துவிடுமா?

பதில்: வராது. இறங்குவது விண்டோஸ் மட்டுமே. ஏறக்குறைய 4 ஜிபி அளவுக்கு இணையம் செலவாகும். கணினியில் உள்ள விண்டோஸ் கோப்புகளே கெட்டிருக்கின்றன என்ற ஐயம் இருந்தால் கிளவுட். இணையம் மெதுவாக இருந்தால் லோக்கல். விண்டோஸ் 11 ஓரளவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சீராக்க விரும்புகிறவர்கள், ரீசெட்டுக்கு முன் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் உள்ள ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட் என்பதை முயன்று பார்க்கலாம். விண்டோஸை மறுபடி நிறுவினாலும், நிரல்களையும் கோப்புகளையும் அமைப்புகளையும் அது விட்டுவைக்கிறது.

கேள்வி: என் ஆவணங்கள் எல்லாம் ஒன்டிரைவோடு தானாக ஒத்திசைகின்றன. இதற்கு மேலும் தனிக் காப்புநகல் வேண்டுமா?

பதில்: வேண்டும். ஒத்திசைவு என்பது இங்கே நடப்பதை அங்கேயும் நடத்துவது. நீங்கள் அழித்தால் அங்கேயும் அழியும். ஓர் ஆவணத்தின் நடுப்பகுதியை வெட்டிவிட்டுச் சேமித்தால் வெட்டுப்பட்டதே அங்கும் போய்ச்சேரும். தனிநபர் ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் அழித்தவை 30 நாள் இருக்கும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியிலும் அதே 30 நாள். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வந்தால் பயனில்லை. ரீசெட்டைப் பொறுத்தவரை ஒத்திசைவு பெரிய வசதிதான்: புதிய விண்டோஸில் கணக்கில் நுழைந்ததும் கோப்புகள் வந்துவிடுகின்றன. ஆனால் ரீசெட் செய்வதற்கு முன் ஒன்டிரைவின் மேகக்குறி, எல்லாம் ஏறிவிட்டது என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். இடம் நிரம்பி ஏற்றம் பாதியில் நின்றுபோயிருப்பதை மாதக்கணக்கில் கவனிக்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெளி டிஸ்க்கை எந்நேரமும் கணினியில் செருகியே வைத்திருப்பதும் பாதுகாப்பு ஆகாது. கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்கும் ரான்சம்வேர், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை, ரீஸ்டோர் பாயின்ட்டுகளுக்கு அடிப்படையான நிழல் நகல்களையும் அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. நகல் எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றி உள்ளே வையுங்கள்.

கேள்வி: முழு டிஸ்க்கின் இமேஜ் எடுப்பதா, கோப்புகளை மட்டும் நகலெடுப்பதா?

பதில்: இமேஜ் என்பது டிஸ்க் முழுவதையும் அப்படியே பிரதியெடுத்து வைப்பது. ஒன்றுதான் முடியும் என்றால் கோப்புகள். இமேஜிலிருந்து மீட்டால் விண்டோஸ், நிரல்கள், எழுத்துருக்கள் எல்லாம் இருந்தபடியே வந்துவிடும் என்பது உண்மை. மேலே கணக்கு நிரலை இழந்த வாசகருக்கு ஓர் இமேஜ் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆனால் இமேஜ் எடுத்த நாளில் கணினியில் வைரஸ் இருந்திருந்தால் அதுவும் பத்திரமாகத் திரும்பிவரும். அந்நாளுக்குப் பிறகு எழுதியவை அடியோடு போகும். விண்டோஸின் சொந்த இமேஜ் கருவியைக் கொண்டு எடுத்ததைப் பழையதைவிடச் சிறிய டிஸ்க்கில் மீட்கவும் இயலாது. அந்தக் கருவியை மேம்படுத்துவதையே கைவிட்டுவிட்டதாக மைக்ரோசாஃப்ட் 2017இல் அறிவித்துவிட்டது. இன்னும் கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் 7 பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இமேஜ் வேண்டும் என்பவர்கள் வேறு நிரல்களை நாடுவது நல்லது.

கோப்புக் காப்புநகலுக்கு நான் பின்பற்றுவது பலரும் சொல்லும் 3-2-1 கணக்குதான்: மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த நகலிலிருந்து ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பேன். திறக்காத நகலை நகல் என்று நம்புவதில்லை.

கேள்வி: கணினி மிகவும் மெதுவாகிவிட்டது, கோப்புகளைத் திறக்கும்போது உள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் வருகிறது. ரீசெட் செய்தால் வேகம் வருமா?

பதில்: செய்யாதீர்கள். அது சுழலும் ஹார்ட் டிஸ்க் சாகும் சத்தமாக இருக்கலாம். ரீசெட் என்பது டிஸ்க்கில் பல ஜிபி அளவுக்கு எழுதி, நகர்த்தி, அழிக்கும் வேலை. கடைசி மூச்சில் இருப்பதை மாடிப்படி ஏறச் சொல்வதைப் போன்றது. இப்போதே மிக முக்கியமான கோப்புறையிலிருந்து தொடங்கி நகலெடுங்கள். திறக்க மறுக்கும் கோப்போடு மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குப் போங்கள். பிறகு டிஸ்க்கை மாற்றிவிட்டு, புதியதில் விண்டோஸை நிறுவலாம். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் உள்ளவர்களுக்கு இந்தச் சத்தம்கூட எச்சரிக்கையாக வராது என்பதால், அவர்கள் காப்புநகலை இன்னும் ஒழுங்காக எடுக்க வேண்டும். எஸ்எஸ்டியில் அழிந்த கோப்புகளை மீட்புக் கருவிகள் கண்டெடுப்பதும் அரிது.

கேள்வி: மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகள் உண்டா?

பதில்: குறைவு, இல்லாமல் இல்லை. ரெக்கவரியிலிருந்து மேக்ஓஎஸ்ஸை மறுபடி நிறுவினால், டிஸ்க்கை நீங்களாக அழிக்காதவரை கோப்புகளும் நிரல்களும் இருந்த இடத்தில் இருக்கும். ஆப்பிள் சிப் உள்ளவற்றில் பவர் பொத்தானை விடாமல் அழுத்தியும், இன்டெல் சிப் உள்ளவற்றில் கமாண்ட்டையும் ஆர் எழுத்தையும் பிடித்தபடி இயக்கியும் ரெக்கவரிக்குப் போகலாம். காப்புநகலுக்கு 2007 முதல் டைம் மெஷின் இருக்கிறது: கடந்த ஒரு நாளுக்கு மணிக்கொன்று, ஒரு மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முந்தையவற்றுக்கு வாரத்துக்கொன்று என நகல்களை வைத்துக்கொண்டு, டிஸ்க் நிரம்பும்போது மிகப் பழையதை நீக்கும். வெளி டிஸ்க்கைச் செருகி, ஒருமுறை சரி என்று சொல்லிவிட்டால் போதும்.

கேள்வி: ரீசெட் பாதி வழியில் நின்று, எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்ற செய்தியோடு பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. இனி என்ன செய்வது?

பதில்: ரீசெட்டும் ஒரு நிரல்தான், அதுவும் பழுதாகும். 2025 ஆகஸ்ட் மாதப் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, விண்டோஸ் 10இலும் விண்டோஸ் 11இன் சில பதிப்புகளிலும் ரீசெட்டே தோல்வியடைந்தது; மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபரிலோ விண்டோஸ் 11இன் ரெக்கவரி திரையில் யுஎஸ்பி சுட்டியும் விசைப்பலகையும் வேலைசெய்யவில்லை: மருந்துப்பெட்டி எதிரே இருக்கிறது, திறக்கக் கையில்லை. அதற்கும் சில நாள்களில் திருத்தம் வந்தது.

உங்கள் கணினி இன்னும் இயங்குகிறது என்றால், முதலில் நிலுவையிலுள்ள அப்டேட்டுகளை நிறுவிவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் மறுத்தால், குறைந்தது 8 ஜிபி உள்ள பென்டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு நிறுவல் வட்டு ஒன்றைத் தயாரியுங்கள். அந்தப் பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். விண்டோஸ் திறந்திருக்கும்போதே அதிலுள்ள செட்டப்பை இயக்கி, நிரல்களையும் கோப்புகளையும் வைத்துக்கொள்ளும் தெரிவைக் குறித்தால், பல நேரங்களில் ரீசெட்டுக்கே வேலையில்லாமல் போகும். அதுவும் இயலாதபோது பென்டிரைவிலிருந்தே கணினியைத் தொடங்கிப் புதிதாக நிறுவலாம். இதில் டிஸ்க்கின் பழைய பிரிவுகளை (பார்ட்டிஷன்களை) நீங்களே அழிப்பதால், கோப்புகள் வெளியே வந்துவிட்டனவா என்பதை அதற்கு முன் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பென்டிரைவைக் கணினி நல்ல நிலையில் இருக்கும் இன்றே தயாரித்து, முதல் பதிலில் சொன்ன 48 இலக்கச் சாவியை ஒரு தாளில் எழுதி, அதோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அந்தச் சாவியைக் கணினியின் டெஸ்க்டாப்பிலேயே ஒரு கோப்பாகச் சேமித்திருப்பதாகப் பெருமையோடு எழுதியிருக்கும் வாசகர், தயவுசெய்து இன்று மாலைக்குள் அதையும் தாளுக்கு மாற்றிவிடவும்.